ஏழடிப்பட்டத்துக்கு ஏறும் வழி

சித்தன்னவாசல் என்றதும் அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியமே நம் நினைவுக்கு வரும். குன்றின்மேல் இருக்கும் ஏழடிப்பட்டம் வரை ஏறுவோர் குறைவு. பாறைச் சரிவில் காலூன்ற வெட்டப்பட்ட ஏழு குழிகளால் வந்த பெயர் அது. இன்று பிடித்துச் செல்ல இரும்புக் கம்பி உண்டு. அன்றைய துறவியருக்கு அந்தக் குழிகளே துணை. யார் வரலாம் என்பதைக் குன்றே தீர்மானித்திருக்க வேண்டும்.

குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள். பெரிய படுக்கையை ஒட்டியுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, எருமிநாட்டுக் குமட்டூரில் பிறந்த காவுதி ஈதனுக்குச் சிறுபாவில் இளையர் அமைத்துக் கொடுத்த இருக்கை இதுவென்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்துத் திருநீலன், திருப்பூரணன், திருச்சாத்தன் முதலியோர் பெயர்களும் படுக்கைகளருகே வெட்டப்பட்டன.

அதே பாறையில் நம் காலத்தவரும் பெயர் கீறிச் சென்றிருக்கிறார்கள். (காதலியின் பெயரையும் சேர்த்தே!) கம்பித் தடுப்பு வந்ததில் நமக்கு வருத்தமில்லை. 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பின், சின்னத்தைச் சிதைப்போருக்கு 2 ஆண்டுவரை சிறை அல்லது 1 இலட்சம் ரூபாய்வரை அபராதம் என்கிறது. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஆஸ்திரேலியாவின் உலுருப் பாறையில் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடைசெய்யப்பட்டது. அதைப் புனிதமாகக் கருதும் அனங்கு மக்கள் நெடுங்காலம் வேண்டியதன் விளைவு அது. இங்கே நிலை வேறு. ஏழடிப்பட்டத்தில் காக்க வேண்டியவை படுக்கைகளும் எழுத்தும். ஏறும் வழியை மூடுவதால் அவற்றுக்கு நன்மையில்லை. அந்தச் சரிவில் நடவாதவர்க்கு, இவ்வளவு உயரத்தில் ஏன் படுக்கை வெட்டினார்கள் என்பது விளங்காது.