பள்ளி ஆலோசகர்: வந்த கதையும் வராத கதையும்

நம்ம பக்கத்தில் "கவுன்சலிங்" என்று சொன்னால் மனசு, கவலை இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது. இன்ஜினியரிங் சீட்தான் ஞாபகம் வரும். பையனையும் சர்ட்டிபிகேட் பையையும் தூக்கிக்கொண்டு அப்பா அண்ணா பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறுவாரே, அதுதான் கவுன்சலிங். (2018-லிருந்து அதுவும் ஆன்லைனுக்குப் போய்விட்டது.) பிள்ளைகள் சொல்வதைக் கேட்பதற்கென்றே பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பார் என்றால் போடியில் பாதிப்பேர் சிரிப்பார்கள். ஆனால் நண்பர்களே, இந்த யோசனைக்கு 70 வயதுக்கு மேல் ஆகிறது. அதில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்கும் உண்டு.

உலக அளவில் இதன் தொடக்கம் என்று 1908-ஐச் சொல்வார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர், எந்த வேலைக்குப் போவது என்று தெரியாமல் நின்ற இளைஞர்களுக்காக ஒரு அலுவலகம் தொடங்கினார். ஆக, ஆலோசகரின் முதல் வேலை மனநலம் இல்லை, பிழைப்புக்கு வழி காட்டுவதுதான்.

இந்தியாவில் 1952-ல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக்கு ஒரு கமிஷன் போட்டது. தலைவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். 27 வருடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர், தொழிலில் மகப்பேறு மருத்துவர். பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாதையில், கல்லூரியை நோக்கி மட்டும் தள்ளுகின்றன என்பது 1953-ல் வந்த அந்த அறிக்கையின் முக்கியமான குறை. தொழில், விவசாயம், வணிகம் என்று பல பிரிவுகள் வேண்டும் என்றார்கள். பல பிரிவு வந்தால் எதில் சேருவது என்று சொல்ல ஆள் வேண்டுமே? அதற்காகத்தான் பயிற்சி பெற்ற வழிகாட்டி அலுவலர்களைப் பரிந்துரைத்தார்கள். அடுத்த வருடம், 1954-ல், டெல்லியில் இதற்கென்று ஒரு மத்திய வழிகாட்டுதல் நிறுவனமும் வந்தது.

1966-ல் கோத்தாரி கமிஷன் அறிக்கை வந்தது. எல்லாப் பள்ளிக்கும் ஆள் போட நாட்டில் பணம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு ஆலோசகர், அவர் சுற்றிச் சுற்றி வரட்டும் என்றார்கள். பி.காம். மாணவன் கண்ணுக்கு இது சுத்தமான செலவுக் கணக்கு! வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் ஒரு பள்ளிக்கு இரண்டு வாரத்தில் ஒரு நாள். குறைச்சல்தான். அதுகூட நடக்கவில்லை என்பதுதான் விஷயம்.

தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தது. பத்தாவது முடித்ததும் குரூப் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலியார் கமிஷன் எந்த இடத்தில் ஆலோசகர் நிற்க வேண்டும் என்று சொன்னதோ, சரியாக அதே இடம். அங்கே நின்றது மார்க் ஷீட். மார்க் அதிகம் என்றால் சயன்ஸ், குறைவு என்றால் காமர்ஸ். (என் வகுப்பில் பலர் இப்படி வந்தவர்கள்தான், கேட்டுப் பாருங்கள்.)

இதற்கிடையில் அந்த வேலையின் அர்த்தமும் மாறிக்கொண்டே வந்தது. 1986-ல் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா, தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்பதையே பணியாக எடுத்துக்கொண்டது. பரீட்சை ரிசல்ட் நாட்களில் அதன் எண் பத்திரிகைகளில் வர ஆரம்பித்தது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் கொன்ற பிறகு எல்லோரும் ஆலோசகர் பற்றிப் பேசினார்கள். அதையொட்டிய காலத்தில் அரசு பத்து நடமாடும் ஆலோசனை வண்டிகளை விட்டது. அப்போது 32 மாவட்டம். ஒரு வண்டிக்கு மூன்று மாவட்டத்துக்கு மேல்! கோத்தாரி பத்துப் பள்ளி என்றார், நாம் மூன்று மாவட்டம் என்றோம். 2018-ல் 14417 என்ற உதவி எண் வந்தது.

சரி, அவருக்கு என்னதான் வேலை? தண்டனை கொடுப்பது இல்லை. மருந்து எழுதுவதும் இல்லை. கேட்பது, கேட்டதை ஸ்டாப் ரூமில் சொல்லாமல் இருப்பது, தன்னால் முடியாததை மனநல மருத்துவரிடம் அனுப்புவது. ரகசியத்துக்கும் எல்லை உண்டு. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் கொடுமை என்றால் 2012-ன் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். பி.டி. சாரையோ கணக்கு டீச்சரையோ "நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்வது இதனால்தான் சரிப்படாது. காலையில் அடித்தவரிடமே மத்தியானம் போய் எந்தப் பையன் மனசைத் திறப்பான்?

போடியில் இது இன்னும் கஷ்டம். விடியும் முன்னே ஜீப்கள் நிரம்பி போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. அதில் பெரும்பாலும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள். பிள்ளை எழுந்திருக்கும்போது அம்மா மலையில் இருப்பார், திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். பள்ளியில் "அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றால் ஒரு நாள் கூலி போச்சு. இங்கே வேலை பார்க்கிற ஆலோசகர் ஜீப் திரும்பும் நேரத்துக்குத்தான் பெற்றோரைப் பார்க்க முடியும். பள்ளி நேரம் வேறு, ஏலக்காட்டு நேரம் வேறு.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. 100 மாணவர்களும் அதற்கு மேலும் இருக்கிற கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஒரு ஆலோசகராவது, உளவியலாளராவது, சமூகப் பணியாளராவது இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் வெளியில் உள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். போடி டவுன் பள்ளிகள் முதல் வகை. குரங்கணி, கொட்டகுடி மாதிரி மலையடி ஊர்களில் இருக்கிற சின்னப் பள்ளிகள் இரண்டாவது வகையில்தான் வரும். அவர்களுக்கு "வெளியில்" என்றால் தேனி மருத்துவக் கல்லூரி. அது தேனியிலும் இல்லை, தாண்டி கானாவிலக்கில் இருக்கிறது. குரங்கணியிலிருந்து போடி, போடியிலிருந்து தேனி, தேனியிலிருந்து கானாவிலக்கு. கூட்டிப் போக வேண்டிய அம்மா அன்றைக்கும் ஜீப்பில் இருப்பார்.