பிள்ளை பார்த்த அக்காக்கள்

"எஸ்டேட் பொம்பளைகளுக்குப் படிப்போட அருமை தெரியாது." கோத்தகிரி - மேட்டுப்பாளையம் சாலையில் அரவேணுவில் இறங்கி டீக்கடை பெஞ்சில் கொஞ்சநேரம் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் வாயிலிருந்து இது வந்துவிடும். வாத்தியார்கள் சொல்கிறார்கள். சங்கத் தோழர்கள் சொல்கிறார்கள். தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து, படித்து, கோயமுத்தூரில் வேலைக்குப் போய்விட்ட நம்ம அண்ணன்மார்களும் சொல்கிறார்கள். அறியாமை, மூடப்பழக்கம், கலாச்சாரம் என்று மூன்று வார்த்தையில் நூற்றைம்பது வருசத்து வரலாற்றைப் பொட்டலம் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருப்பது கலாச்சாரம் மட்டும் இல்லை.

தலித் வரலாற்றில் நீலகிரி லேசுப்பட்ட இடம் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1870களில் அத்வைதானந்த சபையை நடத்தியது இந்த மலையில்தான். இரட்டைமலை சீனிவாசன் 1880களில் இங்கே வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுதிப் பிழைத்தார். 1891 டிசம்பரில் ஊட்டியில் பண்டிதர் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாடு பத்துத் தீர்மானங்களைப் போட்டது. பள்ளிக்கூடம் வேண்டும், படித்தவனுக்கு உத்தியோகம் வேண்டும் என்று அதில் கேட்டார்கள். பிறகு பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' பெண் கல்வியைப் பற்றியும் பேசியது. எழுத்தறிவை ஓர் அரசியல் உரிமையாக நம்மவர்கள் கேட்ட முதல் குரல்களில் ஒன்று இந்தக் குளிரில் எழுந்ததுதான்.

அதே வருசங்களில் அதே மலைச்சரிவில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. தியாசோலையில் 1859 வாக்கில் தேயிலை போட்டாயிற்று. காப்பி, சிங்கோனா, தேயிலை என்று காடு அழிந்து தோட்டம் ஏறியது. மைசூர்ப் பக்கத்திலிருந்தும் கோவை, சேலம் பக்கத்திலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் வயிறு காய்ந்தவர்கள், ஊர்க்கிணற்றில் தண்ணி எடுக்கமுடியாதவர்கள், ஆண்டையின் களத்தில் அடிமைப்பட்டவர்கள். மேஸ்திரி கையில் முன்பணம் வாங்கினால் கடன் தீரும்வரை மலைதான். 1903இல் வந்த சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தத்தை விட்டுப் போகிறவனைக் குற்றவாளி ஆக்கியது. ஊட்டியில் தீர்மானம் வாசிக்கப்பட்டபோது லைன் வீட்டுப் பெண்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பண்டிதரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் வரலாறு எந்த வாசல் வழியாக எழுதப்பட்டது என்பதற்காகச் சொல்கிறேன். கணக்கு எழுதிய கை ஆவணத்தில் இருக்கிறது. கொழுந்து கிள்ளிய கை நிறுவைத் தராசோடு போயிற்று.

தோட்டத்துக்கு ஒற்றை ஆம்பளை மட்டும் போதாது, குடும்பம் வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவதற்குப் பொம்பளை விரல்தான் ஏற்றது என்று துரைமார்கள் முடிவு கட்டினார்கள். பொம்பளை விரல் மெலிசு, பொம்பளை பொறுமைசாலி, எதிர்த்துப் பேசமாட்டாள். கவாத்து வெட்டுவதும் மருந்தடிப்பதும் ஆம்பளை வேலை. நாளாக நாளாக இது நம் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. "பொட்டப்புள்ளைக்குக் கை ஓடணும்" என்று பாட்டிமார் சொன்னது மனுதர்மத்தைப் படித்து இல்லை. கூடைக்காரியின் கை ஓடினால்தான் கிலோக் காசு வரும், அடுப்பு எரியும். கம்பெனியின் கணக்கு கலாச்சாரமாகி வீட்டுக்குள் குடிவந்த கதை இது.

விடுதலைக்குப் பிறகு 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. நல்ல சட்டம், போராடி வாங்கிய சட்டம், சந்தேகமே இல்லை. வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைமடுவம், பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருந்தது. ஆனால் இரண்டு பிரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், பள்ளி வசதி செய்யச் சொல்லி மாநில அரசு விதி போடலாம் என்கிறது ஒன்று. 12 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது இன்னொன்று. அதாவது முடிந்தால் வைக்கலாம். பள்ளிக்கூடம் கைவிடுகிற வயதும் தோட்டம் கைப்பிடிக்கிற வயதும் ஒன்றேதான்! இந்தப் பன்னிரண்டு எங்கள் பாட்டிமார் கண்டுபிடித்தது இல்லை. சட்டப்புத்தகத்தில் அச்சடித்திருந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான் அந்தப் பன்னிரண்டு நீங்கியது. முப்பத்தைந்து வருசம், கிட்டத்தட்ட இரண்டு தலைமுறை.

சட்டத்தில் ஆண், பெண் என்று பேதம் இல்லையே என்று கேட்கலாம். பையனுக்குப் பன்னிரண்டு ஆனால் கோத்தகிரி ஹைஸ்கூலுக்கு நடந்துபோகலாம், கீழ்நாட்டுச் சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம், ஹாஸ்டலில் சேரலாம். பொண்ணு பன்னிரண்டில் சமைந்துவிடுவாள். தேயிலைக்காட்டுக் குறுக்குப்பாதையில் அவளை நாலு மைல் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்குத் தைரியம் வரும்? அந்தக் காட்டில் கண்டக்டரும் மேஸ்திரியும் எப்படிப் பார்ப்பார்கள், பேசுவார்கள் என்று தினமும் அங்கே நிற்கிற அந்தத் தாய்க்குத்தானே தெரியும். தன் மகளை எந்தக் கண்ணிலிருந்து காப்பாற்றுவது என்று கணக்குப் போட்டவளைப் போய் மூடப்பழக்கம் என்கிறோம்.

பன்னிரண்டுக்கு முன்னாடியே நின்றவர்கள்தான் அதிகம். அதற்குக் காரணம் பிள்ளைமடுவம். 50 பெண் தொழிலாளர்கள் இருந்தால் மடுவம் கட்டவேண்டும் என்றது 1951 சட்டம். நாற்பத்தெட்டுப் பெண்கள் இருந்த தோட்டத்தில்? அங்கே மடுவம் இல்லை, அக்கா இருந்தாள். 20 பிள்ளைகள் இருந்தாலே மடுவம் வேண்டும் என்று திருத்தியது 1981இல்தான். அதுவும் பெரிய தோட்டத்துக்கு. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று அரவேணுவைச் சுற்றி இருக்கிற சிறு தோட்டங்களில் கூலிக்குக் கிள்ளப் போகிறவளுக்கு எந்தக் காலத்திலும் அந்தச் சட்டம் கிடையாது. அம்மா கூடையைத் தலையில் மாட்டினால் எட்டு வயசு அக்கா தம்பியை இடுப்பில் ஏற்றவேண்டும். மழை விட்டுக் கொழுந்து மளமளவென்று வருகிற மாசங்களில் பள்ளியில் யார் வரவில்லை என்று பார்த்தால் தெரியும். என் சின்னம்மா மூன்றாம் வகுப்போடு நின்றது இப்படித்தான். "எனக்கு ஆனா ஆவன்னா தெரியும் கண்ணு. உங்க மாமன் அழுதா எழுத்தெல்லாம் மறந்துபோகும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும். அந்த மாமன் பட்டம் வாங்கினார். வீட்டுச் சுவரில் அவர் போட்டோ இருக்கிறது.

இலங்கையிலிருந்து வந்த நம் ஜனங்களிடம் கேட்டாலும் இதே கதைதான். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை ஆடுமாடு மாதிரி எண்ணி இந்தியாவுக்கு என்று எழுதியது. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் அங்கே லயத்தில் இருந்ததை இங்கே லைனில் தொடர்ந்தார்கள். 1920ஆம் வருசத்துச் சட்டம் அங்கே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 6 வயதிலிருந்து 10 வயதுவரை தாய்மொழிப் படிப்பு என்றது. பத்தோடு சரி. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி என்பது அங்கே 1984இல்தான் வந்தது, இங்கே 1976 சட்டத்தால். ஒரே வெயிலில் நின்றாலும் பெண் உழைப்பு மட்டம் என்று கூலிச்சீட்டே எழுதிக்காட்டிய காலத்தில், பெண் படிப்பு மட்டும் உசத்தி என்று யாருக்குத் தோன்றும்? இங்கே வந்தபிறகு சாதிச் சான்றிதழுக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். "ஊர் எது, தாத்தா எந்தத் தாலூகா" என்று கேட்டால் கப்பலேறிப் போனவரின் பேத்தி என்ன பதில் சொல்வாள்? தாள் இல்லாமல் உதவித்தொகை இல்லை. வீட்டில் ஒரே ஒருத்தருக்கு அலைய முடியும் என்றால் பையனுக்காக அலைந்தார்கள்.

இங்கே நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். புனேயில் பூலே தம்பதிகள் பள்ளி தொடங்கியது 1848இல். அங்கே படித்த முக்தா சால்வே என்கிற மாங் சாதிச் சிறுமி 1855இல் மாங், மகர் மக்களின் துயரத்தை எழுதி அச்சில் கொண்டுவந்துவிட்டாள். 1942 ஜூலையில் நாகபுரிப் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர், பிள்ளைகளைப் படிக்கவையுங்கள், கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள் என்று தாய்மார்களிடம் நேருக்கு நேர் சொன்னார். நம் மேடைகளில் அம்பேத்கர் இருக்கிறார், நாகபுரிப் பேச்சு இல்லை. தோட்டத்துச் சங்கங்கள் போனசுக்கும் கூலிக்கும் நடத்திய போராட்டங்களைப் பற்றித் துண்டறிக்கைகள் கிடைக்கின்றன. மடுவத்துக்காக ஒரு நாள் வேலைநிறுத்தம் நடந்ததாக நான் கேட்ட எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. அது பொம்பளை சமாச்சாரம்.

கலாச்சாரம் கல்லா என்ன, அசையாமல் இருக்க? 1982இல் சத்துணவு வந்தபோது அக்கா தம்பியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரில் ஒரு திட்டம் வந்தது. எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். படிப்பைக் கல்யாணத்துக்கு அடகு வைக்கிறார்கள் என்று பெண்ணியத் தோழிகள் கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் உண்டு. ஆனால் தோட்டத்துப் பள்ளி ஐந்தாவதோடு முடிகிற இடத்தில் அந்த எட்டாவது ஒரு பிடி. "அஞ்சாயிரம் வருதில்ல, போகட்டும்" என்று சொல்லி அப்பனை வாயடைத்த அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் படிப்பின் அருமை தெரியாமலா? ஆம்பளைக்குப் புரிகிற பாஷையில் பேசினார்கள். 2022இல் அந்தத் திட்டம் மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய் என்றாகிவிட்டது. தாலியை விட்டுக் கல்லூரிக்கு வர முப்பத்துமூன்று வருசம்.

இதே மலையில் படுகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரியான அக்கம்மா தேவி 1962இல் நாடாளுமன்றத்துக்கே போனார். நிலமும் பள்ளிக்கூடமும் கைக்கெட்டினால் எந்தச் சமூகத்துப் பெண்ணும் போவாள். நம் பெண்களுக்கு நிலம் இல்லை, கூடை இருந்தது.

இப்போது நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். கொழுந்து கிள்ள ஜார்க்கண்டிலிருந்து ஆதிவாசிக் குடும்பங்கள் வருகின்றன. தம்பியை இடுப்பில் வைத்திருக்கிற அக்கா இப்போது வேறு பாஷை பேசுகிறாள். "அவங்க பொம்பளைகளுக்குப் படிப்போட அருமை தெரியாது" என்று நம் லைன் வீட்டிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

தோட்டங்கள் கைமாறுகின்றன, லைன் வீடுகள் இடிகின்றன. பழைய செக்ரோல் புத்தகங்களும் பள்ளி வருகைப் பதிவேடுகளும் கரையான் தின்னக் கிடக்கின்றன. இரண்டையும் வருசவாரியாக எதிரெதிரே வைத்தால், எந்த மாசம் ஒரு பேர் இதில் நின்று அதில் ஏறியது என்று தெரிந்துவிடும். கையில் வைத்திருப்பவர்கள், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பேர்களை வாசித்துக் காட்டினால் ஆள் யாரென்று சொல்லக்கூடிய கிழவிகள் அரவேணுவில் இன்னும் இருக்கிறார்கள்.