கடத்தநாட்டுக் களரியும் அதன் மழைக்காலப் பயிற்சியும்

மலையாள நாட்டின் வடபகுதியில், கோழிக்கோட்டிற்கும் தலைச்சேரிக்கும் இடையே கடலை அடுத்துக் கிடக்கும் வடகரை என்னும் ஊர், முற்காலத்தே கடத்தநாடு எனப் பெயர்பெற்ற சிற்றரசைச் சார்ந்தது. தச்சோளி ஒதேனனும், புத்தூரம் வீட்டு ஆரோமல் சேகவரும், அவருடன் பிறந்தாளாகிய உண்ணியார்ச்சையும் வாளெடுத்து நின்றதாக வடக்கன் பாட்டுகள் புகழும் நிலம் அது. அவ்வூரில் 1949-ஆம் ஆண்டிலே தோன்றிய கடத்தநாடன் களரிச் சங்கம் என்னும் பயிற்சிக் கழகத்தின் வரலாற்றையும், அஃது ஆண்டுதோறும் தன் பயிற்சியை நடத்திவரும் முறையையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க முற்படுகின்றோம். பழம்பெருங் களரிகள் பலவிருக்க, எழுபத்தைந்து ஆண்டே கடந்த இதனை யாம் தேர்ந்தது ஏன் என்று வினவலாம். காரணம் போகப்போக விளங்கும்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுவோம். களரி என்னும் சொல் நம் மொழியில் களர்நிலத்தையும் குறிக்கும், பலர் கூடும் அவையையும் குறிக்கும். மலையாளத்திலோ அது பயிலிடம் என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. வாட்பயிற்சி செய்யும் இடம் மட்டுமன்று, சிறுவர் மணலில் எழுத்துப் பயின்ற திண்ணைப் பள்ளியும் ஆங்கு எழுத்துக்களரி எனவே வழங்கிற்று. எழுத்தும் வாளும் ஒரே பெயருடைய கூடத்திற் கற்பிக்கப்பட்டன என்பது எம்போன்ற ஆசிரியத் தொழிலோர்க்கு மகிழ்ச்சி தருவதே. இனி அக்கலையின் உட்சொற்களை நோக்குமின்: உடற்பயிற்சி மெய்த்தாரி எனப்படும்; கழிப்பயிற்சி கோல்தாரி; படைக்கலப் பயிற்சி அங்கத்தாரி; கருவியின்றிப் பொருதல் வெறுங்கை. மெய், கோல், வெறுங்கை என்பவற்றிற்கு நம்மவர்க்கு உரை வேண்டுவதில்லை. அங்கம் என்பதொன்றே மயக்கந் தரும். அஃது ஈண்டு உறுப்பன்று, இருவர் உயிரைப் பணயம் வைத்துப் பொரும் தனிப்போர்.

இக்கலையின் தோற்றத்தைப் பற்றி, 11-ஆம் நூற்றாண்டில் சேரசோழர்க்கு இடையே நூறாண்டு நிகழ்ந்த போரின் விளைவாகவே நாடெங்கும் களரிகள் எழுந்தன என்று வரலாற்றறிஞர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை எழுதினார். அந்நூறாண்டுப் போர் என்பது தொடர்ந்து நிகழ்ந்ததுதானா எனப் பின்வந்த ஆய்வாளர் ஐயுற்றனர். அவ்வையம் தக்கதென்றே யாமும் கருதுகின்றோம். ஒரு போரினால் மட்டும் ஒரு கலை ஊர்தோறும் வேரூன்றிவிடாது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கண்ணனூரில் வாழ்ந்த போர்ச்சுகீசியராகிய துவார்த்தே பார்போசா என்பவர், ஏழு வயது நிரம்பிய நாயர் சிறுவர் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்படுவதையும், ஆங்கு அவர்தம் உடல் எப்பக்கமும் வளையுமாறு பழக்கப்படுவதையும், பணிக்கர் எனப்படும் ஆசான்மார் பெற்றிருந்த பெருமதிப்பையும் எழுதிவைத்துள்ளார். ஆகவே அக்காலத்திற்குள் களரி நன்கு நிலைபெற்றுவிட்டது என்பதில் ஐயமில்லை.

நாயர் மட்டுமே களரி பயின்றனர் என்று எண்ணுதல் பிழை. மாப்பிள்ளைமார் பயின்றனர், கிறித்தவர் பயின்றனர், தீயர் குலத்துச் சேகவர் பயின்றனர். சேகவரின் தொழில் கொடியது. இரு பெருங்குடியினர் நிலத்திற்கோ உரிமைக்கோ மாறுபட்டு வழக்குத் தீராதவிடத்து, ஒவ்வொருவரும் ஒரு சேகவரைப் பொருள் கொடுத்து அமர்த்துவர். இருவரும் அங்கத்தட்டில் ஏறிப் பொருவர். எவர் சேகவர் வீழ்ந்தாரோ அவர் வழக்கும் வீழ்ந்ததாம். ஆரோமல் சேகவர் அரிஙோடரொடு பொருதது அத்தகைய அங்கத்திலேயே. வென்றும், மைத்துனன் சந்துவின் வஞ்சத்தால் அவர் மாண்டார் எனப் பாட்டுகள் கூறும். (அச்சந்துவே உண்மையில் வஞ்சிக்கப்பட்டவன் என மாற்றிக் காட்டிய மலையாளத் திரைப்படம் ஒன்று 1989-இல் வந்து பெரும்புகழ் எய்திற்று. பாட்டின் கட்டு அதனால் தளர்ந்ததாகத் தெரியவில்லை.)

ஆங்கிலக் கும்பினியார் மலையாளத்தைக் கைக்கொண்டபின் களரிக்குத் தீங்காலம் பிறந்தது. பழசி அரசர் காட்டிற் புகுந்து அவரை எதிர்த்து வந்த நாளில், 1804-ஆம் ஆண்டிலே, படைக்கலம் வைத்திருப்போரை நாடுகடத்தும் கடுமையான ஆணை பிறந்தது. மறு ஆண்டு நவம்பர்த் திங்களில் பழசி அரசரும் மாண்டார். துப்பாக்கியின் முன் வாளுக்கு மதிப்பில்லாது போனதும் உண்மையே. எனினும் வாள் பறிக்கப்பட்ட பின்னும் கால்களைப் பறிக்க எவராலும் இயலவில்லை. சிற்றூர்களில் குருக்கள்மார் எண்ணெய்ப் பிழிச்சலும் முறிவு வைத்தியமுஞ் செய்து வயிறு வளர்த்துக்கொண்டே, கற்றதைச் சிலர்க்குக் கற்பித்து வந்தனர். தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்பார் களரி பயின்ற உடல்களுக்குப் புதுத்தொழிலே கண்டார். சிறக்கர என்னுமிடத்தில் 1901-இல் அவர் நிறுவிய பயிற்சிக்கூடத்தினின்றும் வெளிவந்தோரால் இந்திய சர்க்கஸ் வளர்ந்தது. பின்னர்க் கோட்டக்கல் கணாரன் குருக்கள் பல ஊர்களிலும் சிதறிக்கிடந்த முறைகளை நாடிக் கற்றுத் தொகுத்தார். அவர் மாணாக்கர் சி. வி. நாராயணன் நாயர் அக்கலையை மேடையேற்றி மக்களறியச் செய்து, 1944-இல் இளமையிலேயே மறைந்தார்.

இனி, 1949-ஆம் ஆண்டிற்கு வருவோம். அப்பொழுது வடகரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. நாம் இருந்த அதே அரசின் கீழ்த்தான் அவர்களும் இருந்தனர் என்பதை நினைவிற் கொள்க. ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் நிறைவேறிவிட்டது, கோயிற்கதவு திறந்தது. ஆயினும் களரிக் கதவு எந்தச் சட்டத்திற்கும் உட்பட்டதன்று. இராகவன் என்னும் இளைஞர் களரியொன்றிற் சேர விரும்பிச் சென்றார். தீயர் குலத்தினர் என்பதனால் அவர்க்கு இடம் மறுக்கப்பட்டது. எந்நிலத்தில்? ஆரோமல் சேகவரையும் உண்ணியார்ச்சையையும் பாடிப் பாடி நாற்று நடும் நிலத்தில். அவ்விருவரும் தீயர் குலத்தவரே என்று ஊரார் அனைவரும் அறிந்த நிலத்தில்! மூதாதையின் வீரத்தை வாயாற் போற்றிக்கொண்டே வழித்தோன்றலைப் படியேற்ற மறுத்த அச்செயலை என்னென்பது? பழம்பெருமை பேசுங் கட்டுரைகள் நம் இதழிலும் திங்கள்தோறும் வருகின்றன, யாமும் எழுதியுள்ளோம். பெருமை பேசுதல் வேறு, இடங்கொடுத்தல் வேறு.

மறுக்கப்பட்ட இராகவனார் வழக்காடவில்லை. தம் உடன்பிறந்தாரோடு கூடித் தாமே ஒரு களரி கண்டார். கடத்தநாடன் களரிச் சங்கம் தோன்றியது இவ்வாறே. அதிற் சேர்வதற்குக் குலம் கேட்கப்படுவதில்லை, சமயம் கேட்கப்படுவதில்லை, ஆணோ பெண்ணோ என்பதும் தடையன்று. கட்டணமும் இல்லை. ஆண்டிறுதியில் மாணாக்கர் தத்தம் விருப்பப்படி குருதட்சிணை வைத்து வணங்குவர். எவ்வளவு என்று எவரும் கேளார்.

ஆண்டுப் பயிற்சி ஜூன் திங்களில் தொடங்கிச் செப்டம்பர் வரை நடைபெறும். ஆங்குப் பள்ளிக்கூட ஆண்டும் ஜூனிலேயே தொடங்குதலின், புத்தகப் பையும் கச்சையும் ஒருங்கே புதிதாகின்றன. மழைக்காலத்தை ஏன் தேர்ந்தனர் எனின், ஒன்று, வெப்பம் தணிந்திருத்தலால் உடல் விரைவிற் சோராது. மற்றொன்று, எண்ணெய்ப் பூச்சும் உழிச்சிலும் அக்காலத்திலேயே உடலிற் பற்றும் என்பது மலையாள வைத்தியர் கொள்கை. கர்க்கடகத் திங்களில் மருந்துக் கஞ்சி குடித்து உடல் பேணும் வழக்கமும் இதனோடு சேர்ந்ததே.

களரியின் கட்டமைப்பு அறியத்தக்கது. நீளம் 42 அடி, அகலம் 21 அடி, கிழக்கு மேற்காக நீண்டிருக்கும், வாயில் கிழக்கே. தரை நிலமட்டத்தினும் தாழ அகழப்பட்டிருக்கும். மேலே பெய்யும் மழைக்காற்று, வியர்த்த உடலைத் தாக்காமைக்கே இவ்வாறு தாழ்த்தினர் என்பர். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடைய பூத்தறை. அதனை அடுத்துக் குருத்தறை. உட்புகுவோர் வலக்காலை முன்வைத்து, தரையைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பூத்தறையையும் ஆசானையும் வணங்கிய பின்னரே பயிற்சியில் நிற்பர்.

புதிதாய்ச் சேர்ந்த சிறுவர் வாளைக் காண விரும்பி வருகின்றனர். காண்பதோ தம் கால்களையே. நேர்க்கால், வீதுகால், கோண்கால், அகங்கால், இருத்திக்கால் என நாள்தோறும் கால்வீச்சு. அதன்பின் யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என்னும் எட்டு வடிவுகள். இவற்றை ஆசான் கையாற் காட்டுவதினும் வாயாற் சொல்லி நடத்துவதே மிகுதி. ‘வலது சவிட்டி, இடது நீங்கி’ என்னும் பாங்கில் ஓசையும் விரைவும் பொருந்தச் சொல்லும் அக்கட்டளைகளுக்கு வாய்த்தாரி என்று பெயர். மாணாக்கன் செவி அதனைப் பிடித்துக்கொண்டால் அறிவு தடுக்குமுன்னரே கால் நகரும். நாம் நன்னூற் சூத்திரங்களை ஓதிக் கற்றது எவ்வாறோ அவ்வாறே இதுவும் எனக் கொள்க. பொருள் பின்னரே விளங்கும்.

மெய் பழகிய பின் கோல். பன்னிரு சாண் நீளமுள்ள கெட்டுகாரி முதலில். அதன்பின் முச்சாண் அளவுடைய சிறுவடி. அடுத்தது ஒற்றை என்னும் வளைந்த கட்டை. ஒற்றையே கோல்தாரியின் உச்சி; வர்மத்தானங்களை நாடிச் செல்லும் நுட்பம் அதனாலேயே பழகுகின்றது. அதன்பின்னரே கட்டாரி, வாளும் பரிசையும், குந்தம், இறுதியாகச் சுருண்டு வீசும் உறுமி. உறுமி பிறரை வெட்டுமுன் வீசியவனையே வெட்டும். அதனால் அதனைப் பெறுவோர் சிலரே.

வர்ம அறிவு மிக நெடுநாட் பழகியோர்க்கன்றிக் கொடுக்கப்படுவதில்லை. இவ்வறிவில் நம் பங்கு பெரிது. வடமுறையைப் பரசுராமரோடும் தென்முறையை அகத்தியரோடும் தொடர்புறுத்துவர். தென்முறை வழங்கும் கன்னியாகுமரி நிலம் 1956 நவம்பர் முதல் நாளில் திருவிதாங்கூர்-கொச்சியினின்றும் நீங்கிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆங்குள்ள ஆசான்மாரின் வர்ம ஏடுகள் தமிழிலேயே உள்ளன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என அவை வகுக்கும். அவற்றுட் பல இன்னும் வீட்டுப் பரணில் கிடந்து செல்லரிக்கின்றன.

வடகரைக்கு மீள்வோம். அக்களரியில் ஏழு வயதிற் சேர்ந்த சிறுமியருள் ஒருவர் மீனாட்சி. பெண்மக்கள் பூப்பெய்தியவுடன் களரியை விட்டு நிற்பதே அந்நாள் வழக்கமாக இருக்க, அவர் தந்தையார் நிறுத்தவில்லை, ஆசானும் நிறுத்தவில்லை. பின்னர் அவ்வாசானாகிய இராகவனாரையே மணந்தார். கணவர் மறைந்தபின் களரிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. சேலை உடுத்தியவாறே வாளும் பரிசையும் ஏந்தி இளைஞரொடு பொரும் அவ்வம்மையாருக்கு, 70 வயதைக் கடந்தபின், 2017-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. மாணாக்கரிற் சிறுமியர் பெருந்தொகையினர். உண்ணியார்ச்சை கூத்துக் காணச் செல்லும் வழியில் தன்னை மறித்த தீயோரை எதிர்த்து நிற்க, உடன்சென்ற கணவர் நடுங்கினார் என்னும் பாட்டை ஆங்குள்ள சிறுமியர் அனைவரும் அறிவர். நம் வீட்டுச் சிறுமியர்க்கோ பொழுது மங்கினால் தெருமுனைக் கடைக்குச் செல்லவும் துணை வேண்டியிருக்கின்றது.

நம் சங்கத்து இளைஞர் சிலர் வருங்கோடையில் சிலம்பக்கூடம் ஒன்று தொடங்க எண்ணி எம்மிடம் கருத்துக் கேட்டனர். நம்மவர் பிள்ளைகளை மட்டுமே சேர்த்துக்கொள்வதெனச் செயற்குழுவிற் சிலர் கூறியதாகவும் அறிகின்றோம். இடம் சங்கத்தது, செலவு சங்கத்தது என்னும் அவர்தம் வாதத்தை யாம் புறக்கணிக்கவில்லை. ஆனால் வடகரையில் இடம் மறுத்த களரியின் பெயரை இன்று எவரும் கேட்பதில்லை. மறுக்கப்பட்டவர் கட்டிய களரியை நாடி, முன்னாளில் மறுத்த குலத்துப் பிள்ளைகளும் வருகின்றனர். தடுக்கப்பட்ட குலத்தினர் கண்ட கூடமாயிற்றே, அவர்கள் தமக்குமட்டும் என்று அதனை அடைத்திருந்தால் குறைகூறுவார் யார்? அவர்கள் அடைக்கவில்லை. எம் கருத்து இதுவே: கூடத்தைச் சங்கம் நடத்துக, சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், வயது, பெற்றோர் பெயர் என்னும் மூன்று கட்டங்கள் போதும். சிறுமியர்க்குத் தனி நேரம் வேண்டுமென்பாரும் உளர். தொடக்கத்தில் அவ்வாறு செய்தல் தவறன்று. கட்டணத்தைப் பொறுத்தவரை யாம் சற்று வேறுபடுகின்றோம். வடகரையில் ஆசானே களரியை உடையவர். நாமோ ஆசானை அழைத்துவரப் போகின்றோம். அவர்க்குத் திங்கள்தோறும் குறித்த தொகை தவறாது கொடுத்தல் வேண்டும்; அதனைத் தட்சிணைத் தட்டிற்கு விட்டுவிடலாகாது.

நேரிற் காண விரும்பும் இளைஞர், மழைத் திங்கள்களிலேயே செல்க. வடகரையிற் புகைவண்டி நிலையம் உண்டு; கோழிக்கோட்டிலிருந்து கண்ணனூர் செல்லும் வழியில் உள்ளது. அருகே உலோகனார்காவு என்னும் கோயிலையும் காணலாம். அரங்கேறுமுன் களரி பயின்றோர் ஆங்குச் சென்று வணங்குவது வழக்கம். குடை மறவாது கொண்டு செல்க.