காகிதம் எதிலிருந்து வருகிறது? (ஒரு மார்க் கேள்வி)

போன வாரம் என் பையன் (மூணாங்கிளாஸ்) அழுதுகொண்டே ஸ்கூலிலிருந்து வந்தான். 'காகிதம் எதிலிருந்து கிடைக்கிறது?' என்ற கேள்விக்கு 'கரும்பு' என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி, பக்கத்தில் 'மரம்' என்று திருத்தம். மார்க் போனதுகூடப் பரவாயில்லை. "தாத்தா பொய் சொல்லிட்டாராப்பா?" என்று கேட்டான் பாருங்கள், அதுதான் எனக்குச் சுருக்கென்றது. கொல்கத்தாவில் வளர்கிற பிள்ளைக்குக் கரூர்ப் பக்கத்து ஊர் என்றால் வருஷத்துக்குப் பத்து நாள்தான். அந்தப் பத்து நாளில் தாத்தா சொல்வதையும் ஒரு சிவப்புப் பேனா அடித்துவிட்டால்?

சரி, விஷயத்துக்கு வருவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஹூக்ளிக்கு அந்தக் கரையில் இருக்கும் ஸ்ரீராம்பூருக்குப் போனேன். நம் தரங்கம்பாடி மாதிரியே அதுவும் டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். ரெண்டையும் 1845-ல் சேர்த்தே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ரெண்டு ஊரிலும் பாதிரிமார்கள் அச்சகம் வைத்தார்கள், ரெண்டு இடத்திலும் காகிதத்துக்குத் திண்டாடினார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715 வாக்கிலேயே பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறை போட்டுப் பார்த்தார். நீடிக்கவில்லை.

ஸ்ரீராம்பூரில் வில்லியம் கேரிக்கு வேறு தலைவலி. வங்காளத்தில் அப்போதே நாட்டுக் காகிதம் இருந்தது. சணல், சணப்பு, பழைய கயிறு, கிழிந்த சாக்கு, மீன்வலை எல்லாவற்றையும் சுண்ணாம்பில் ஊறவைத்து இடித்துக் கூழாக்குவார்கள். மரம் என்ற பேச்சே கிடையாது! ஆனால் மை ஊறாமல் இருக்க மேலே அரிசிக் கஞ்சி தடவுவார்கள். கஞ்சி தடவினால் பூச்சி சும்மா விடுமா? அச்சடித்த புத்தகத்தைத் தின்று தீர்த்தது. அதனால் சொந்தமாகவே ஆலை வைத்தார்கள். முதலில் ஆட்கள் ஏறி மிதிக்கிற சக்கரத்தால் ஓட்டினார்கள். அதில் ஒரு தொழிலாளி செத்துப்போனார். அதன்பிறகுதான் இங்கிலாந்திலிருந்து நீராவி எந்திரம் தருவித்தார்கள், 1820-ல். 'நெருப்பு எந்திரம்' என்று ஊரே வேடிக்கை பார்க்க வந்ததாம். செத்துப்போனவர் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை.

ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கந்தல் துணிதான். கந்தல் பற்றாமல் போனதும் மரத்துக்குத் தாவினார்கள். அங்கே பைன் காடு கையெட்டும் தூரத்தில். நமக்கு அது இமயமலையில் இருந்தது, வெட்டிக் கொண்டுவர வழி இல்லை. அதனால் 1882-ல் தொடங்கிய டிட்டாகர் மில் மாதிரி ஆலைகள் புல்லைப் பிடித்தன. சாபாய் புல். ராஜ்மகால் மலைப்பக்கம் விளையும், சந்தால் மக்கள் கயிறு திரிக்கிற புல். சாஹிப்கஞ்சிலிருந்து ரயிலேறி ஹூக்ளிக் கரைக்கு வந்தது. கட்டில் பின்னிய புல்லில் சர்க்கார் கச்சேரிக் கடுதாசி!

புல் பற்றாமல் போனபோது மூங்கில். அதன் கணு வேகாமல் படுத்தியது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் ரெய்ட் என்பவர் மூங்கிலைத் துண்டு போடாமல் நசுக்கி, ஒரேயடியாக இல்லாமல் படிப்படியாக வேகவைத்து வழி கண்டுபிடித்தார். 1925-ல் மூங்கில் காகிதத் தொழிலுக்கென்றே பாதுகாப்புச் சட்டம் வந்தது. விளைவு என்ன? 1958-ல் கர்நாடகத்துத் தாண்டேலி ஆலைக்கு மூங்கில் டன் ஒன்றரை ரூபாய் என்று கொடுத்ததாக மாதவ் காட்கில் எழுதியிருக்கிறார். கூடை முடைகிறவர்கள் சந்தையில் கொடுத்த விலை எங்கே, இது எங்கே. 1975 வாக்கில் அவர்கள் மூங்கிலே கிடைக்கவில்லை என்று புலம்பிய பிறகுதான் ஆய்வே நடந்தது. சும்மா கிடைக்கிறது என்று காகிதக்காரர்கள் கை வைத்தது எதுவுமே சும்மா கிடந்ததில்லை. யாரோ ஒருவர் அதில் கயிறு திரித்துக்கொண்டோ கூடை முடைந்துகொண்டோதான் இருந்திருக்கிறார்.

இப்போது தாத்தா கேஸுக்கு வருகிறேன். 1979-ல் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த டிஎன்பிஎல், புகளூர் பக்கம் காகிதபுரத்தில் 1984-ல் ஓடத் தொடங்கியது. வருஷத்துக்கு 90,000 டன் திறன், முக்கியச் சரக்கு கரும்புச் சக்கை. இதிலும் சிக்கல் உண்டு. சர்க்கரை ஆலைகளுக்குச் சக்கை குப்பை இல்லை, அதை எரித்துத்தான் கொப்பரையே கொதித்தது. ஆனால் இந்த முறை பறிக்கவில்லை, பண்டமாற்று. சக்கையை நீ கொடு, உனக்கு எரிபொருளோ நீராவியோ நான் தருகிறேன் என்று ஒப்பந்தம். சக்கைக்கு நடுவில் பஞ்சு மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அதில் நார் கிடையாது, மருந்தைத்தான் குடிக்கும். அதைப் பிரித்தெடுத்து எரித்துவிடுகிறார்கள். கரும்பு வெட்டு வருஷம் முழுக்க இல்லை என்பதால் மீதிச் சக்கையை மலை மாதிரி குவித்து ஈரமாகவே வைத்திருப்பார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனவர்களுக்கு அந்தப் புளித்த வாடை தெரிந்திருக்கும். எனக்கு அதுதான் ஊர் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் :-)

நியாயமாகச் சொன்னால் இன்று அங்கேயும் சவுக்கு, யூகலிப்டஸ் கூழ் சேர்கிறது. ஆக டீச்சர் சொன்னதும் தப்பில்லை. ரெண்டையும் எழுதி, பையனிடம் கொடுத்தனுப்பினேன். அரை மார்க் போட்டு அனுப்பியிருந்தார்.

ராத்திரி போனில் அப்பாவிடம் சொன்னேன். நாற்பது வருஷமாக ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற மனுஷன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "மீதி அரை மார்க்கு எப்ப வருமாம்?" என்றார்.