கவனிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட இசை

ஓர் இடத்தின் வெளிச்சத்தைப் போல, காற்றோட்டத்தைப் போல அங்கே வெறுமனே இருப்பதற்காக இயற்றப்பட்ட இசை உண்டு. அந்த இடத்தை ஒருநாளும் கண்டிராத ஒருவர், இயற்றியவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, அவ்விசையை எப்படிக் கண்டடைகிறார்? 1980களில் ஜப்பானில் தோன்றிய மின்னணுச் சூழலிசையின் வரலாறு ஏறக்குறைய முழுவதுமே இந்தக் கேள்விக்கான விடைதான். சிறிய நிறுவனங்கள் வெளியிட்டு, சிலர் மட்டும் வாங்கி, பிறகு எல்லோரும் மறந்துபோன இசைத்தட்டுகளின் கதை அது. மறுகண்டுபிடிப்பு என்ற சொல்லை இலக்கிய வாசகர்களாகிய நாம் நன்கறிவோம். நம் பழைய சுவடிகளும் அச்சிலிருந்து மறைந்த நாவல்களும் நமக்குக் கற்பித்தது அதைத்தான். ஆகவே இந்த இசை வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

முன்கதையைப் பாரிஸிலிருந்து தொடங்க வேண்டும். 1920ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று பார்பசாஞ்ச் ஓவியக்கூடத்தில் மாக்ஸ் ஜாக்கோபின் நாடகம் ஒன்று நடந்தது. அதன் இடைவேளைகளில் எரிக் சாட்டியும் தாரியஸ் மீயோவும் ஒரு புதிய பரிசோதனையைச் செய்தனர். ‘அறைகலன் இசை’ என்று சாட்டி அதற்குப் பெயரிட்டிருந்தார். நாற்காலி, திரைச்சீலை, சுவர்த்தாள் போல இசையும் அறையில் இருக்க வேண்டும், யாரும் அதைப் பொருட்படுத்தக் கூடாது என்பது கருத்து. ஆனால் வாத்தியங்கள் ஒலிக்கத் தொடங்கியதும் பார்வையாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இருக்கைகளுக்குத் திரும்பிவிட்டார்கள். பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று சாட்டி அவர்களைப் பார்த்துக் கத்த வேண்டியதாயிற்று என மீயோ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இசை என்றால் கவனித்தாக வேண்டும் என்ற பழக்கம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

கவனிக்கப்படாத இசையின் வணிகப் பயன்பாட்டை அமெரிக்கர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். 1934இல் மியூசாக் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் கம்பி வழியே இசையை அனுப்பிய நிறுவனம் அது. தொழிலாளியின் சோர்வைப் போக்கி உற்பத்தியைப் பெருக்குவதற்காக, வேகம் படிப்படியாக ஏறும் கால்மணி நேரத் தொகுதிகளாக மெட்டுகள் அடுக்கப்பட்டன. சாட்டியின் விளையாட்டான கனவு இங்கே மேலாண்மைக் கருவியாக மாறியது.

இந்த இரண்டுக்கும் எதிர்வினையாக வந்தவர் ஆங்கிலேயரான பிரையன் ஈனோ. 1975இல் விபத்தொன்றில் அடிபட்டு அவர் படுக்கையில் இருந்தபோது, தோழி ஒருவர் கொண்டுவந்த யாழ் இசைத்தட்டு மிகக் குறைந்த ஒலியில் சுழன்றுகொண்டிருந்தது. எழுந்து சென்று சரிசெய்ய உடலில் வலுவில்லை. மழையோசையோடு கலந்து, பாதி கேட்டும் பாதி கேட்காமலும் வந்த அவ்விசை அவருக்கு வேறொரு கேட்டல் முறையைக் காட்டியது. அவ்வாண்டே, தாம் நடத்திய ‘அப்ஸ்க்யூர்’ என்ற சிறிய இசைத்தட்டு வரிசையில் ‘டிஸ்க்ரீட் மியூசிக்’ தொகுப்பை வெளியிட்டார். 1978இல் விமான நிலையங்களுக்கான இசைத்தொகுப்புக்கு எழுதிய குறிப்பில் ‘ஆம்பியன்ட்’ என்ற சொல்லை வரையறுத்தார். மியூசாக் ஓர் இடத்தின் இயல்பை மழுங்கடிக்கிறது, தம் இசையோ அதைத் துலக்கிக் காட்ட வேண்டும், சிந்திப்பதற்கு இடம் தர வேண்டும், உற்றுக் கேட்பவருக்கும் கேளாதிருப்பவருக்கும் ஒருங்கே இணங்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

நம் கச்சேரி மேடையின் தம்புராவை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அதைப் புகழ்ந்துகொண்டே வீடு திரும்பும் ரசிகர் யாருமில்லை. ஆயினும் அது நின்றால் பாட்டு நிற்க நிலமிராது. பாடகரும் பக்கவாத்தியமும் விலகிக்கொள்ள, தம்புரா மட்டும் தனியே ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு மாலைப்பொழுதைக் கற்பனை செய்தால் ஈனோவின் இசைக்கு அருகில் சென்றுவிடலாம்.

ஈனோவின் இசை ஜப்பானுக்குச் சென்று சேர்ந்தபோது அதற்குச் சூட்டப்பட்ட பெயர் ‘கங்க்யோ ஒங்காகு’. சூழல் இசை என்பது நேர்ப்பொருள். சாட்டியின் மீது அங்கே ஏற்கெனவே பெரும் ஈடுபாடு இருந்தது. கனடிய இசைஞர் மர்ரே ஷேஃபர் 1977இல் வெளியிட்ட நூலின் வழியே ‘ஒலிநிலக்காட்சி’ என்ற கருத்தும் பரவத் தொடங்கியிருந்தது. டோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில் சேய்பு பல்பொருள் அங்காடி நடத்திய கலை அருங்காட்சியகத்தோடு இணைந்து ‘ஆர்ட் விவான்’ என்ற கடை இருந்தது. கலை நூல்களும் அரிய வெளிநாட்டு இசைத்தட்டுகளும் அங்கே கிடைத்தன. அக்கடையில் வேலை பார்த்தவர் சத்தோஷி அஷிகாவா. சவுண்ட் பிராசஸ் என்ற சின்னஞ்சிறு நிறுவனத்தைத் தொடங்கி, 1982இல் ‘அலைக் குறியீடு’ என்ற வரிசையை அவர் வெளியிடலானார். நகரம் ஒலிகளால் நிரம்பி வழிகிறது, அதில் மேலும் ஓர் ஒலியைச் சேர்ப்பவன் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் அவருடையது.

அவ்வரிசையின் முதல் தட்டு ஹிரோஷி யோஷிமுராவின் ‘ஒன்பது அஞ்சலட்டைகளுக்கான இசை’. 1940இல் யொக்கொஹாமாவில் பிறந்த யோஷிமுரா இதை வீட்டிலேயே ஒரு ஃபெண்டர் ரோட்ஸ் மின்பியானோவையும் விசைப்பலகையையும் மட்டும் வைத்துப் பதிவு செய்தார். டோக்கியோவின் ஹாரா அருங்காட்சியகக் கட்டடத்துக்குள் ஒலிப்பதற்காக அப்பதிவை அளித்தார். 1938இல் வசிப்பிடமாகக் கட்டப்பட்டு 1979இல் அருங்காட்சியகமான கட்டடம் அது. அங்கே வந்தவர்கள் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, இந்த இசை எங்கே கிடைக்கும் என்றும் விசாரித்தார்கள். அந்த விசாரிப்பிலிருந்துதான் இசைத்தட்டு பிறந்தது. மேகம், மழை, பனி, சாளரக் காட்சி என்று தலைப்பிட்ட சிறு துணுக்குகள் அதில் உள்ளன. சில சுரங்களே கொண்ட ஒரு சொற்றொடர் சற்றே மாறிமாறி மீண்டு வருகிறது. வளர்ச்சியோ உச்சமோ இல்லை. அஞ்சலட்டையில் எழுத இடம் குறைவு என்பதை அறிந்தவரின் சிக்கனம் அது.

இரண்டாவது தட்டு அஷிகாவாவே இயற்றிய ‘ஸ்டில் வே’. 1983இல், முப்பது வயதளவில், அவர் இறந்துபோனார். சத்சுக்கி ஷிபானோ பியானோவில் வாசித்த சாட்டியின் படைப்புகள் மூன்றாவது தட்டாக 1984இல் வெளிவந்தன. தொடங்கியவர் இல்லாமலே வரிசை தன் மூதாதையிடம் சென்று சேர்ந்தது.

இதன் பிறகு இவ்விசைக்குப் புரவலர்களாக வந்தவை பெருநிறுவனங்கள். யோஷிமுராவின் 1984ஆம் ஆண்டுத் தொகுப்பை அழகுசாதன நிறுவனமான ஷிசேய்தோ வெளியிட்டது. 1986இல் வந்த அவரது ‘சரவுண்ட்’ மிசாவா என்ற வீடு கட்டும் நிறுவனத்துக்காக இயற்றப்பட்டது. ஹருயோமி ஹொசொனோ 1984இல் முஜி கடைகளுக்காக இசையமைத்தார். தக்காஷி கொக்குபோவின் 1987ஆம் ஆண்டுத் தொகுப்பு, சான்யோ காற்றுப்பதனி வாங்கியவர்களுக்கான அன்பளிப்பு. அயொயாமாவிலுள்ள ஸ்பைரல் கட்டடத்துக்காக யோஷியோ ஒஜிமா இயற்றியவை 1988இல் தட்டுகளாயின. இன்று இவற்றைக் கேட்போர் பலர் மலைச்சாரல் மடாலயத்தின் அமைதியைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். உண்மையில் இது நெரிசலும் பணமும் பெருகிய மாநகரத்தின் நடுவே, அந்தப் பணத்தின் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, அந்த நெரிசலுக்கு மாற்றாக உருவாக்கப்பட்ட இசை. கீழைத்தேயத் துறவு என்ற முத்திரையை இதன்மேல் குத்துவது வரலாற்றை மறைப்பதாகும்.

அந்தப் புரவலமே இசையின் மறைவுக்கும் காரணமாயிற்று. அன்பளிப்பாக வந்த தட்டுக்கு இசைக்கடையில் இடமில்லை, விமர்சகரின் மேசையில் இடமில்லை. பெரும்பாலானவை ஜப்பானுக்கு வெளியே விற்கப்படவே இல்லை. 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரக் குமிழி உடைந்தபோது பண்பாட்டுக்கான நிதியும் வற்றியது. செசோன் என்று பெயர் மாறியிருந்த அந்தச் சேய்பு அருங்காட்சியகம் 1999இல் மூடப்பட்டது. யோஷிமுரா 2003இல் காலமானார். தம் இசை உலகெங்கும் கேட்கப்படும் காலத்தை அவர் காணவில்லை.

மீட்பு எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழகத்திலிருந்தோ பெருநிறுவனத்திலிருந்தோ வரவில்லை. பழைய தட்டுகளைத் தேடியலையும் சேகரிப்பாளர்களிடமிருந்து வந்தது. அமெரிக்க இசைக்கலைஞரான ஸ்பென்சர் டோரன் 1980களின் ஜப்பானிய இசைத்துண்டுகளைக் கோத்து 2010இல் ஓர் ஒலித்தொகுப்பை இணையத்தில் வெளியிட்டார். யாரோ ஒருவர் தம் கைவசமிருந்த தட்டை மின்பதிவாக்கி யூடியூபில் ஏற்றினார், இன்னொருவர் மற்றொன்றை ஏற்றினார். பிறகு விந்தையான ஒன்று நிகழ்ந்தது. வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அத்தளத்தின் பரிந்துரை இயந்திரம் இந்தத் தட்டுகளை நீட்டத் தொடங்கியது. தாளவாத்தியக் கலைஞர் மிதோரி தக்காதா 1983இல் இரண்டே நாட்களில் பதிவு செய்து, அன்று யாரும் பொருட்படுத்தாத ‘த்ரூ த லுக்கிங் கிளாஸ்’ இப்படித்தான் லட்சக்கணக்கானோரை அடைந்தது.

2017இல் அது முறையாக மறுபதிப்புக் கண்டது. அதே ஆண்டில் ‘ஒன்பது அஞ்சலட்டைகள்’ தொகுப்பையும் டோரனும் அவர் நண்பர் ஒருவரும் தொடங்கிய எம்பயர் ஆஃப் சைன்ஸ் நிறுவனம் மீண்டும் வெளியிட்டது. ‘கங்க்யோ ஒங்காகு’ என்ற தலைப்பிலேயே டோரன் தேர்ந்து தொகுத்த தட்டுகளை லைட் இன் தி அட்டிக் நிறுவனம் 2019இல் வெளியிட, அது வரலாற்றுத் தொகுப்புகளுக்கான கிராமி விருதுப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. ஹொசொனோ முஜிக்காக இயற்றிய இசையின் ஒரு துணுக்கு அதே 2019இல் வேம்பயர் வீக்கெண்ட் குழுவின் பாடலொன்றில் ஒலித்தது. டோரனின் விசிபிள் கிளோக்ஸ் குழு ஒஜிமாவோடும் ஷிபானோவோடும் சேர்ந்து ஒரு புதிய தொகுப்பையே அவ்வாண்டில் படைத்தது. யோஷிமுராவின் ‘கிரீன்’ 2020இலும் ‘சரவுண்ட்’ 2023இலும் மறுபிறவி எடுத்தன.

இந்த வெற்றிக் கதையில் ஒரு நெருடல் உண்டு. அனுமதியின்றி ஏற்றப்பட்ட பதிவுகளுக்கு இசைஞரும் வாரிசுகளும் இசைந்ததில்லை. எனினும் அவை இல்லாமல் மறுபதிப்புக்கான வாசகர்வட்டம், அதாவது செவிவட்டம், உருவாகியிருக்காது. சட்டம் ஒரு பக்கமும் நினைவு மறுபக்கமும் நிற்கும் இடம் இது. அச்சில் இல்லாத நூலை நகலெடுத்துச் சுற்றுக்கு விட்ட சிற்றிதழ்க்காரர்களுக்கு இச்சிக்கல் புரியும். என் எண்ணம் இதுதான்: நகல் எடுத்தவர் இயற்றியவரின் பெயரையும் ஆண்டையும் வெளியிட்ட நிறுவனத்தையும் சேர்த்தே சுமந்து வந்தார். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் உரியவரைத் தேடிச் சென்று, கையொப்பம் பெற்று, பணத்தைச் சேர்ப்பிக்க முடிந்தது.

இன்றைய ஆபத்து வேறுவிதமானது. உறக்கத்துக்கு, படிப்புக்கு, தியானத்துக்கு என மனநிலைவாரியாக அடுக்கப்பட்ட பட்டியல்கள் சூழலிசையின் மிகப்பெரிய சந்தையாகிவிட்டன. ஸ்பாட்டிஃபை இத்தகைய பட்டியல்களில் தயாரிப்பு நிறுவனங்களிடமிருந்து மலிவாகப் பெற்ற, அடையாளம் தெரியாத பெயர்களிலான இசையை நிரப்பியதாக இதழாளர் லிஸ் பெல்லி 2024 இறுதியில் கட்டுரையாகவும் 2025இல் நூலாகவும் எழுதினார். கேட்பவர் கவனிக்கப்போவதில்லை, ஆகவே யார் இயற்றினால் என்ன என்ற கணக்கு அது. மியூசாக்கின் மறுவரவு என்று இதைச் சொல்லலாம். கவனிக்க வேண்டாம் என்று கலைஞர் தாமே கேட்டுக்கொள்வது பெருந்தன்மை. கலைஞரே வேண்டாம் என்று வணிகம் முடிவு செய்வது வேறு.

தனித்து இயங்கும் இசைஞர்களுக்கு நேரடியாகப் பணம் சேர்க்கும் வழிகளும் பாதுகாப்பானவையல்ல. 2008இல் இயங்கத் தொடங்கிய பேண்ட்கேம்ப் இவ்வகை இசையின் முதன்மைக் கடைத்தெருவாக வளர்ந்தது. 2022இல் எபிக் கேம்ஸ் அதை வாங்கியது. அடுத்த ஆண்டே சாங்டிரேடர் நிறுவனத்துக்கு அது கைமாறியபோது ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலையிழந்தார்கள். புதிய வெளியீடுகளைக் கேட்டு எழுதுவோர், சிறு நிறுவனங்களை நடத்துவோர், கடை மூலையில் பரிந்துரைக்கும் அஷிகாவாக்கள் ஆகியோரின் கண்ணிகள் அறுந்தால், நாற்பதாண்டு கழித்து மீட்டெடுக்கத் தடயம் எதுவும் மிஞ்சாது.

ஹாரா அருங்காட்சியகமும் 2021 ஜனவரியில் தன் கதவுகளை மூடிக்கொண்டது. அங்கே ஒலிப்பதற்காக இயற்றிய இசை இப்போது அந்த இடத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது. 1991இல் திறக்கப்பட்ட டோக்கியோவின் நம்பொக்கு சுரங்க ரயில் தடத்துக்கு அறிவிப்பு ஒலிகளை அமைத்தவரும் யோஷிமுராதான். அவற்றைக் கேட்டு ரயிலேறிய எண்ணற்ற பயணிகள் அவர் பெயரை அறிந்திருக்கமாட்டார்கள். அவருடைய அளவுகோலின்படி அது முழு வெற்றி. பெயரை நினைவில் வைத்திருக்கும் வேலையை அவர் பயணிகளிடம் ஒப்படைக்கவில்லை. தட்டின் உறையைத் திருப்பிப் படிப்பவர்களுக்கு அதை விட்டுச்சென்றிருக்கிறார்.