அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சி: தூத்துக்குடிக் கடற்கரை

அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சி என்பது, பள்ளிப் பிராயத்தை எட்டாத குழந்தைகளைப் பேணுதல், போஷாக்களித்தல், விளையாட்டின் வாயிலாகக் கல்வியைத் தொடங்கி வைத்தல் ஆகிய காரியங்களுக்கென உள்ளூர்ப் பெண்களை ஆயத்தம் செய்யும் முறையாகும். இங்கிலாந்தில், நர்சரியொன்றில் ஊதியம் பெற்றுப் பணிபுரிந்துகொண்டே தகுதிச் சான்று பெறும் பழகுநர் முறை அரசின் ஏற்பாட்டில் நடைபெறுகின்றது. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பொருத்துநரும் மின்பணியாளரும் ஆலைகளில் பழக்கப்படுகின்றனராயினும், அங்கன்வாடிப் பணிக்கு அத்தகைய பழகுநர் பதவி வகுக்கப்படவில்லை. எனினும், மக்கள் 'ஆயா' என்றழைக்கும் அங்கன்வாடி உதவியாளர், 'பால்வாடி டீச்சர்' என்றழைக்கப்படும் பணியாளரின் அருகிருந்து தொழில் கற்று, தகுதி நிரம்பியபின் அவ்விடத்துக்கே உயர்வதற்கு வழியிருப்பதை நோக்குமிடத்து, பெயர் சூட்டப்பெறாத பழகுநர் முறையொன்று இங்கு இயங்கி வருவது புலனாகும்.

வரலாறு

ஊரிலேயே வசிக்கும் ஒருவரைத் தெரிந்து, அவருக்குச் சிறு ஊதியம் வகுத்து, நாள்தோறும் குழந்தைகளைக் கூட்டிக் கற்பிக்கச் செய்யும் ஏற்பாடு, முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் புதிதன்று. 1542-ல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தெருக்களில் மணியடித்துச் சிறுவர்களைத் திரட்டி ஜெபங்களை மனப்பாடம் செய்வித்ததோடு, தாம் அடுத்த ஊருக்குப் புறப்படுமுன் அப்பணியைத் தொடர்வதற்குக் கணக்கப்பிள்ளைகள் எனப்பட்ட உபதேசியார்களை நியமித்தார். போர்ச்சுகல் அரசியாரின் பாதரட்சைச் செலவுக்கென இக்கரையினின்று சென்ற தொகையே அவர்களுடைய ஊதியத்துக்குத் திருப்பப்பட்டதென்பது சரித்திரச் சுவை வாய்ந்த செய்தி. அது சமய போதனையே ஒழியச் சிசுக் கல்வியன்று. ஆயினும் பிறிதோரிடத்து உபாத்தியாயரை வரவழையாமல் ஊராரிடையே ஒருவரைப் பழக்கியெடுக்கும் கொள்கையில் இரண்டும் ஒத்திருக்கின்றன.

சிசுக் கல்வி தனியொரு சாஸ்திரமாக இந்நாட்டில் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டிலேயாம். 1920-ல் பாவநகரில் கிஜுபாய் பதேகா தொடங்கிய பால மந்திரமும், 1939-ன் இறுதியில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறு வந்து சேர்ந்த மரியா மாண்டிசோரி அம்மையார் நடத்திய ஆசிரியப் பயிற்சி வகுப்புகளும் இதற்கு வித்திட்டன. போரின் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்த அவ்வம்மையாரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயின்றனர். பின்னர் 1960-களில் இந்தியக் குழந்தைகள் நலச் சங்கம் பால சேவிகா பயிற்சியைத் தொடங்கிற்று. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 பகுதிகளில் தொடங்கப்பெற்றபோது, உணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு நலக்கல்வி, முன்பருவக் கல்வி ஆகிய ஆறு சேவைகளும் அங்கன்வாடி என்னும் ஒரே மையத்தின் வாயிலாக வழங்கப்படலாயின. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். அரசு நடைமுறைப்படுத்திய சத்துணவுத் திட்டம், இரண்டு வயது முதலான குழந்தைகளையும் உள்ளடக்கியமையால், குழந்தைகள் மையங்கள் சிற்றூர்தோறும் பரவின. இன்று மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன.

தேர்வும் ஊதியமும்

தமிழ்நாட்டில் 2025-ல் வெளியான நியமன அறிவிப்புகளின்படி, பணியாளர் பன்னிரண்டாம் வகுப்பும் உதவியாளர் பத்தாம் வகுப்பும் தேறியவராயிருத்தல் வேண்டும். மையம் அமைந்துள்ள ஊரினராகவோ அண்டையூரினராகவோ இருத்தலும் நிபந்தனையாகும். முதல் 12 மாதங்களுக்கு முதன்மை அங்கன்வாடிப் பணியாளருக்கு ரூ. 7,700, குறு அங்கன்வாடிப் பணியாளருக்கு ரூ. 5,700, உதவியாளருக்கு ரூ. 4,100 எனத் தொகுப்பூதியம் மட்டுமே அளிக்கப்பெற்று, அக்காலம் கழிந்த பின்னரே காலமுறை ஊதியம் தொடங்குவதால், இம்முதலாண்டு பழகுநர் பருவத்தின் சாயலைப் பெறுகின்றது. பணியாளர் இடங்களிற் பாதியை, ஐந்தாண்டு அனுபவமும் உரிய கல்வித் தகுதியும் வாய்ந்த உதவியாளரைக் கொண்டு நிரப்புதல் வேண்டுமென மத்திய அரசின் அண்மைக்கால வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன.

பயிற்சியின் அமைப்பு

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் சில மாதங்கள் நீடித்த பணிப் பயிற்சி, பிற்காலத்தில் ஏறத்தாழ ஒரு மாத அளவிற்குச் சுருங்கி, இடையிடையே நிகழும் புத்தாக்கப் பயிற்சிகளால் நிரப்பப்பட்டது. குழந்தையின் எடையை மாதந்தோறும் கண்டு வளர்ச்சி அட்டையிற் குறித்தல், எடை குறைந்த குழந்தையின் தாயை வீடு சென்று காணுதல், சத்துமாவு வழங்குதல், பதிவேடுகளைப் பேணுதல் ஆகியவற்றோடு கதை, பாட்டு, விளையாட்டு ஆகியவற்றைக் கையாளும் திறமும் இப்பயிற்சியில் அடங்கும். முன்பருவக் கல்விக்கென 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டம் தமிழ்நாட்டில் வழக்கிலுள்ளது. 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய 'போஷண் பி, படாய் பி' என்னும் திட்டத்தின்கீழ், மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு ஒன்றும் மூன்று முதல் ஆறு வயதினர்க்கு மற்றொன்றுமாக இரு பாடச் சட்டகங்கள் வெளியிடப்பெற்று, பணியாளர்க்கு மூன்று நாள் பயிற்சிகள் நடத்தப்பட்டு வருகின்றன.

மையத்திற் பழகுதல்

வகுப்பறையிற் கேட்டது கைவசமாவது மையத்திலேயாம். குழந்தைகளை வீடுகளினின்று அழைத்து வருதல், சமைத்தல், கை கழுவித் துடைத்தல், தூய்மை பேணுதல் ஆகியன உதவியாளரின் கடமைகள். தாயைப் பிரிந்து முதல்நாள் அழும் குழந்தையை எவ்வளவு நேரம் இடுப்பில் வைத்திருத்தல் வேண்டும், எப்பொழுது இறக்கிவிடலாம், உண்ண மறுப்பது பிடிவாதமா காய்ச்சலின் முன்னறிகுறியா என்னும் நுட்பங்களை எந்தக் கையேடும் முழுமையாகக் கற்பித்துவிட இயலாது. அனுபவம் முதிர்ந்தவர் செய்வதைப் பலகாலும் கண்டு, தாமே செய்து, திருத்தம் பெற்றே அவை படியும். பணியாளர் விடுப்பிலிருக்கும் நாளில் மையம் உதவியாளரின் கைக்கு வருவதால், கற்றதைச் சோதித்துக்கொள்ளும் சந்தர்ப்பமும் அவருக்குத் தானே அமைகின்றது.

கடற்கரைச் சூழல்

திரேஸ்புரம், தருவைகுளம், வேம்பார், புன்னைக்காயல், மணப்பாடு முதலிய ஊர்களின் வாழ்க்கை, இப்பணிக்குத் தனியியல்பு ஒன்றை அளிக்கின்றது. இக்கரையில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் நடைபெறவில்லையாயினும், சங்கு குளித்தலும் மீன்பிடித்தலும் தொடர்கின்றன. வள்ளம் கரைசேரும் வேளையில் பெண்கள் மீன் ஏலத்துக்கும், உப்பளத் தொழிலாளர் பொழுது விடியுமுன் பாத்திகளுக்கும் செல்வதால், குழந்தையின் காலைப்பொழுது பெரும்பாலும் பாட்டியிடமோ மூத்த பிள்ளையிடமோ விடப்படுகின்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளரின் வருமானம் குன்றுவதால், இவ்வூர்களிற் பணிபுரிவோர் எடை அட்டையைத் தொழிற்பருவத்தோடு சேர்த்துப் படிக்கவும் கற்றல் வேண்டும்.

செலவின்றிக் கிட்டும் உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு கற்பித்தற் கருவிகள் செய்வது பயிற்சியின் ஓர் அங்கம். சிறிது, பெரிது என வகைப்படுத்தச் சிப்பிகளும், வழவழப்பையும் சொரசொரப்பையும் உணரச் சங்கும் கல்லுப்பும், பொருள் சேர்த்து வைக்கப் பனையோலைப் பெட்டிகளும் இக்கரையில் எளிதிற் கிடைப்பன. ஆனால் விழுங்கத்தக்க சிறு சோழியை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையிற் கொடுத்தலாகாதென்பதும், உடைந்த சிப்பியின் விளிம்பு கையைக் கிழிக்குமென்பதும் அக்கருவிகளோடு சேர்த்தே கற்பிக்க வேண்டிய பாடங்களாம்.

நிலையும் விவாதமும்

மதிப்பூதியப் பணியாளர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்த அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும், 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி பணிக்கொடை பெற உரியவர்கள் என உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று தீர்ப்பளித்தது. பயிற்சியைப் பொறுத்தவரை, பன்னிரண்டாம் வகுப்பு தேறியோர்க்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும் ஏனையோர்க்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பும் வேண்டுமென 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைத்துள்ளது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பெற்றபோது, இடைநிலை ஆசிரியர்கள் அங்கு அனுப்பப்பட்டமை, முன்பருவக் கல்வி யாருடைய தொழில் என்னும் வினாவை எழுப்பிற்று.

பதிவேடுகளோடு கைப்பேசிச் செயலியும் சேர்ந்து பணிச்சுமை பெருகிவிட்ட நிலையில், சமையலிலேயே பொழுது கழியும் உதவியாளர்க்குக் குழந்தைகளோடு அமர்ந்து கற்கும் அவகாசம் அருகுகின்றது. பணியாளர் இடங்களிற் பாதி அவர்களுக்குரியதென்று வகுத்த கொள்கை பயன் தர வேண்டுமாயின், நாளில் ஒரு மணி நேரமேனும் அடுப்பினின்று அவர்களை விடுவித்துப் பாட்டிலும் கதையிலும் பழக்குவதற்குரிய ஏற்பாடு மையத்தின் கால அட்டவணையிலேயே இடம்பெறுதல் வேண்டும்.