உடனிருப்போரை மருத்துவத்துள் சேர்த்தவர்: டாக்டர் சாரதா மேனன்

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தை நான்காக வகுத்துக் காட்டி நிறைவு பெறுகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர். சரக சம்ஹிதையும் சிகிச்சைக்கு நான்கு பாதங்களைச் சொல்கிறது. அங்கும் பணிவிடை செய்பவருக்குத் தனி இடம் உண்டு. தெற்கிலும் வடக்கிலும் பெரியோர் ஒத்துரைத்த இந்த நான்காம் உறுப்பை, நம் காலத்து மனநல மருத்துவத்தில் உரிய இடத்தில் அமர்த்தியவர்களுள் டாக்டர் சாரதா மேனன் தலையாயவர்.

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர், 1992இல் பத்ம பூஷண், 2016இல் தமிழக அரசின் அவ்வையார் விருது என்பவையெல்லாம் இந்த விழா மலரைக் கையில் எடுப்போர் அறிந்தவையே. 1923 ஏப்ரல் 5 அன்று மங்களூரில் மலையாளக் குடும்பமொன்றில் எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். நீதிபதியான தந்தையின் பணிமாற்றம் அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1951இல் பட்டம், பிறகு டெல்லி இர்வின் மருத்துவமனை, அதன்பின் பெங்களூரில் மனநலப் பயிற்சி. 1959இல் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனை.

கீழ்ப்பாக்கத்துக்குள் நுழையுமுன் திருமுக்கூடலுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் பதினொன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலைச் சார்ந்து இயங்கிய வீரசோழன் ஆதுலசாலையில் (மருத்துவமனையில்) 15 படுக்கைகள் இருந்தன என்று அது சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் என்று அடுக்கிக்கொண்டு வரும் அக்கல்வெட்டு, மருந்து காய்ச்சி நோயாளரைக் கவனிக்கும் பெண்கள் இருவரையும் விடாமல் குறிக்கிறது. அவர்களுக்கும் ஊதியம் வகுக்கிறது. பிணி தீர்ப்பதை இறைப்பணியாகவே கருதிய மரபு இது. பார்த்துக்கொள்ளும் கைகளைக் கல்லில் பொறித்து வைத்த நாடு என்று நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம்.

1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இருந்துவந்த மனநோய் விடுதியில் அந்த நான்காம் உறுப்புதான் இல்லாமற்போயிருந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி பலர் நீதிபதியின் உத்தரவின் பேரில் கொண்டுவந்து சேர்க்கப்பட்டனர். சேர்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வராததும், கொடுத்த விலாசத்தில் யாரும் இல்லாததும் இத்தகைய மருத்துவமனைகள் எங்கும் கண்ட துயரம். 1950களில் குளோர்புரோமசின் முதலான மருந்துகள் வந்தன. பிதற்றல் அடங்கியது, காதில் ஒலித்த குரல்கள் ஓய்ந்தன. ஆனால் தெளிந்தவர் போய்ச் சேர வீடு வேண்டுமே!

1961இல் அம்மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற சாரதா மேனன், 1978 வரை இந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தார். புறநோயாளர் பிரிவை வளர்த்தார். அடைத்து வைக்காமலே மருத்துவம் பார்க்க முடியும் என்றானபோது, குடும்பத்தார் நோயாளியைக் கையோடு அழைத்து வந்து கையோடு கூட்டிப்போனார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் வர உழைத்தார். செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகளை மதிலுக்குள் அழைத்துவந்தார். வேலையும் மருந்தாயிற்று. மனச்சிதைவு நோயாளி குரல் கேட்பதாலும் சந்தேகத்தாலும் மட்டும் அல்லற்படுவதில்லை. குளிக்க, பேச, எழுந்து நடக்கவே மனம் எழாமல் மூலையில் முடங்கிவிடுகிறார். மாத்திரை அதிகம் தொடாத இடம் அது. காலையில் எழுந்து மாவு பிசைந்து ரொட்டி சுடுவதும், தறியில் உட்கார்ந்து துணி நெய்வதும், கையில் சிறிது கூலி வாங்குவதும் அந்த முடக்கத்தை மெல்ல மெல்லத் தளர்த்தும்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்ததைத்தான் இக்கட்டுரை பெரிதாகக் கருதுகிறது. 61ஆம் வயதில், 1984இல், டாக்டர் ஆர். தாரா முதலியோருடன் சேர்ந்து சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். நோயாளியின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் கூடிப் பேசும் 'ஆஷா' அமைப்புக்கும் துணை நின்றார். ஸ்கார்ஃபின் பேருந்து பின்னாளில் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கே சென்றது. நோயாளி பேருந்துக்குள் அமர்ந்து சென்னை மருத்துவரோடு திரையில் பேசுவார். மருந்தும் அங்கேயே கிடைக்கும்.

நோயாளியைத் தாங்கும் குடும்பத்தாரைப் பேசும் இந்த இடத்தில் திலகவதியாரை நினையாமல் இருக்க இயலவில்லை. மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டபின் உயிர்விடத் துணிந்தவர், பின்னாளில் நாவரசரான தம்பி மருணீக்கியாருக்காகவே உயிர் தாங்கினார் என்று சேக்கிழாரின் பெரியபுராணம் பேசும். சூலை நோயால் துடித்து இரவோடிரவாக வந்து காலில் விழுந்த தம்பிக்குத் திருநீறு தந்து, திருவதிகை வீரட்டானத்துக்கு அழைத்துப் போனவர் அவரே. நாவரசரை நாம் பெற்றது அந்தத் தமக்கையால். மனநோயாளியின் தாய்க்கும் தமக்கைக்கும் 'உங்களால்தான் வந்தது' என்ற பழியைச் சுமத்தும் நம்மவர், சேக்கிழாரை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா அருகே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதைத் தமிழகம் மறக்கலாகாது. ஆண்டவன் சந்நிதியில் வேண்டிக்கொள்வது நம் உரிமை. சங்கிலி அவன் கேட்டதன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. சாரதா மேனன் 2021 டிசம்பர் 5 அன்று 98ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரால் விழா எடுக்கும் அன்பர்கள் தத்தம் ஊரில் ஒரு காரியம் செய்யட்டும். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 என்பதையும், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு என்பதையும் கோயில், பள்ளிவாசல், தேவாலய அறிவிப்புப் பலகைகளில் எழுதி வையுங்கள். மனநோயால் வரும் ஊனத்துக்கும் மாற்றுத்திறனாளிச் சான்று உண்டு என்பதை அதன் கீழே சேர்த்து எழுதுங்கள். பல தாய்மாருக்கு இது தெரியாது.